திரும்பப் பெறப்பட்ட இரங்கல்

நடைபாலத்துக் கைப்பிடி விழுந்துபோன சேதியை வெல்டருக்கு முதலில் சொன்னவள் அவர் மனைவி. வாய்க்காலுக்கு இந்தக் கரையில் குடியிருப்பு, அந்தக் கரையில் பெரிய ஆஸ்பத்திரி, நடுவில் ஆள் மட்டும் நடக்கிற ஓர் இரும்புப் பாலம். பாலத்தை விட்டால் இரண்டு பஸ் மாறிச் சுற்றிப் போக வேண்டும். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்குப் பதினேழு வருஷ வேலை. விடிவதற்குள் முதல் ஷிப்டுக்குப் போய், மத்தியானம் சோப்பு வாசனையோடு வீடு திரும்புவாள். அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"பாலத்துல ஒரு பக்கம் கம்பியே இல்லங்க. துரு புடிச்சு மொத்தமா தண்ணிக்குள்ள போயிடுச்சு. பதினோரு எட்டு நடக்கிற தூரம் வருது, எண்ணிப் பார்த்தேன்."

"பயமா இருந்துச்சா?"

"பயமெல்லாம் இல்ல. கையை எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தனக்கென்று வாய் திறந்து கேட்டவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது கேட்டதில் சேருமா சேராதா என்பது சந்தேகம்தான். வெல்டர் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பட்டறையில் மீந்து கிடந்த பைப்புகளே போதுமானதாக இருந்தன. ஆஸ்பத்திரி வாட்ச்மேன் தன் கூண்டிலிருந்து கரண்ட் கொடுத்தார். மகள் பைப்பைப் பிடித்துக்கொள்ள, மனைவி நிழலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் "பார்த்துப் போங்க, பொறி பறக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் பதினோரு எட்டுக்கும் கைப்பிடி நின்றது. கிரைண்டர் போட்டுப் பிசிறு எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை பூசி, பெயின்ட் காய்ந்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கையைத் தடவிக்கொண்டே நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

"பிசிறே இல்ல," என்றாள்.

நான்கு நாள் அந்தக் கைப்பிடி இருந்தது. வியாழக்கிழமை தேசியப் பணித்துறையிலிருந்து ஓர் ஓவர்சியரும், கேஸ் கட்டரோடு இரண்டு ஆட்களும் வந்தார்கள். விவரம் தெரிந்து வெல்டர் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்.

"நீங்கதான் வெச்சீங்களா?" என்று கேட்டார் ஓவர்சியர். மெலிந்த மனிதர், குரலும் மெலிவு.

"ஆமாங்க."

"வேலை சுத்தமா இருக்கு. குறை சொல்லவே முடியாது. எங்க ஆளுங்ககூட இப்படி வைக்க மாட்டாங்க."

"அப்ப விட்டுடுங்களேன்."

"அதெப்படிங்க? தேசத்தோட சொத்துலேர்ந்து ஒரு பொருளை எடுத்தா திருட்டு. அனுமதி இல்லாம ஒரு பொருளைச் சேர்த்தா ஆக்கிரமிப்பு. ரெண்டும் ஒரே பிரிவுலதான் வருது."

வைக்க ஒரு நாள் பிடித்தது. அறுக்க இருபது நிமிஷம். பொறுப்பான துறை என்பதால் அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை. மிச்சமிருந்த அடிக்கட்டையில் ஒரு பலகையைப் போல்ட் போட்டு முடுக்கிவிட்டுப் போனார்கள். "எச்சரிக்கை. இவ்விடத்தில் கைப்பிடிக்கு அனுமதி இல்லை" என்று அதில் எழுதியிருந்தது.

யாரிடம் போய் அனுமதி கேட்பது என்று வெல்டர் நாலு பேரிடம் விசாரித்தார். நாலு பேரும் சட்டமன்றத்தைக் காட்டினார்கள்.

தலைநகரப் பிரதேசத்துக்கென்று தனியாக ஒரு சட்டமன்றம் வேண்டும் என்று அந்த ஊர் ஜனங்கள் இருபத்தாறு வருஷம் போராடியிருக்கிறார்கள். ஊர்வலம் போனார்கள், கடையடைத்தார்கள், சிலர் உண்ணாமல் கிடந்தார்கள். கடைசியில் தேசத்து அரசு மனமிரங்கியது. கும்மட்டம் வைத்த கட்டடம் கொடுத்தது, வெள்ளிப் பூண் போட்ட கோல் கொடுத்தது, ஒரு வெண்கல மணி கொடுத்தது, அறுபது உறுப்பினர்களுக்கு அறுபது சுழல் நாற்காலி கொடுத்தது. நிலம், நீர், காற்று, காவல், சாலை, விளக்கு ஆகியவை மட்டும் தேசத்திடம் இருக்கும், மற்ற யாவும் சட்டமன்றத்துக்கே என்று சாசனத்தில் தாராளமாக எழுதியும் கொடுத்தது. அந்த மற்ற யாவும் எவை என்று கண்டுபிடிக்க ஒரு குழு இரண்டு வருஷம் உட்கார்ந்தது. பூங்கா பெஞ்சுகள், நடைபாதைகளின் மேற்பரப்பு, இரங்கல் தெரிவித்தல் என்று மூன்று அகப்பட்டன. அன்றிலிருந்து சட்டமன்றம் இந்த மூன்றையும் விடாப்பிடியாக ஆண்டு வருகிறது.

மனுப்பிரிவு எழுத்தர் நல்ல மனிதர். வெல்டருக்கு ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டுத்தான் மனுவைப் படித்தார். படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"சிக்கலான கேஸுங்க. பாலத்தோட தரை இருக்கே, அது நடைபாதை மேற்பரப்பு. அது நம்மது. கீழ ஓடுற தண்ணி அவங்களுது. தரைக்கு மேல இருக்குற காத்தும் அவங்களுது. கைப்பிடி எதுலங்க நிக்குது?"

"தரையிலதாங்க நிக்கும். அடியில வெல்டு வெச்சிருப்போம்."

"அடி தரையில இருக்கும். ஆனா கைப்பிடி காத்துலதானே நிக்குது?"

வெல்டர் முப்பது வருஷமாக இரும்பு வேலை பார்க்கிறவர். தான் வைத்ததெல்லாம் காற்றில்தான் நின்றுகொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியவந்தது.

ஆனாலும் மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. அவருடைய வட்டத்து உறுப்பினர் அதை அவையில் எழுப்புவதாக வாக்களித்தார். யார் எது சொன்னாலும் தலையை ஆட்டுவதால் அந்த உறுப்பினருக்கு வட்டாரத்தில் தலையாட்டி என்று பெயர். அவருக்கும் அது தெரியும், அதற்கும் தலையாட்டுவார். விவாத நாளன்று வெல்டரும் மனைவியும் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அவள் அரை நாள் லீவு போட்டு, விசேஷத்துக்கு உடுத்துகிற துணியை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

மணி அடித்தது. வெண்கல மணியை மூன்று முறை அடிப்பதா நான்கு முறை அடிப்பதா என்பதில் ஒரு வழக்கு நிலுவையில் இருந்ததால், மூன்று முறை அடித்துவிட்டு, நான்காவதை அடிப்பதுபோல ஓங்கி நிறுத்தினார்கள். பிறகு தலையாட்டி எழுந்தார்.

"மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, என் வட்டத்து மக்கள் பாலத்தில் நடக்கிறார்கள். நடக்கட்டும், நான் ஒருபோதும் தடுத்ததில்லை. ஆனால் அவர்களுக்கு இடது கைக்குக் கைப்பிடி இருக்கிறது, வலது கைக்கு இல்லை. இரு கைகளையும் சமமாக நடத்தாத ஒரு பிரதேசத்தில் நான் எப்படி நிம்மதியாக உறங்குவேன்?"

எதிர்வரிசைத் தலைவர் குறுக்கிட்டார். அவை விதிகளின் இணைப்பில் 'கைப்பிடி' என்ற சொல்லே இல்லை, 'பக்கவாட்டுத் துணைத்தண்டு' என்றுதான் இருக்கிறது, இல்லாத பொருளை விவாதித்தது இந்த அவை என்று நாளை வரலாறு சொல்லக் கூடாது என்றார். வரலாறு என்ற சொல் விழுந்ததும் எல்லாருக்கும் பேச வந்துவிட்டது. போராட்டத்தில் தன் அப்பா ஒன்பது நாள் சிறையிருந்ததை ஒருவர் சொன்னார். தன் அப்பா பதினொரு நாள் இருந்ததை இன்னொருவர் சொன்னார். இரண்டு மணி நேரம் போனது. மனைவி விடியலுக்கு முன் எழுந்தவள்; வெல்டரின் தோளில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள். மாடத்துக் காவலர் வந்து தட்டி எழுப்பினார்.

"இங்க தூங்கக் கூடாதும்மா."

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். "அங்க நாலு பேரு தூங்குறாங்களேங்க?"

"அவங்க உறுப்பினருங்க."

கடைசியில் அவைத்தலைவர் தீர்ப்புச் சொன்னார். "கைப்பிடி இல்லாததால் எவரேனும் விழக்கூடும் என்று மனுதாரர் அஞ்சுகிறார். இதுவரை எவரும் விழவில்லை. எனவே இது ஓர் அனுமானம். இழப்புகளை இந்த அவை ஒருநாளும் புறக்கணித்ததில்லை. ஆனால் அனுமானங்களை விவாதிக்க நமக்கு நேரமில்லை."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மனைவி சொன்னாள், "பாவம்ங்க. வீட்டுல அவங்க பேசறதைக் கேக்க ஆளில்ல போலிருக்கு."

மறுநாளிலிருந்து வெல்டர் விடிகாலையில் அவளோடு பாலம் வரைக்கும் நடந்தார். அந்தப் பதினோரு எட்டு வருகிறபோது அவர் வெளிப்பக்கம் வந்துகொள்வார், அவள் உள்பக்கம். அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்புவார். மகள்கூடக் கேலி செய்தாள், கல்யாணமான புதுசில் இப்படி ஊர் சுற்றியிருக்க மாட்டீர்கள் என்று. அது நிஜம்தான். அடுத்து வந்த ஐந்து மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்ட அளவு முன்னே எப்போதும் பேசியதில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பில் எந்தக் கறை எதற்குப் போகும் என்பதெல்லாம் வெல்டருக்குத் தெரிந்துபோயிற்று.

மழைக்காலம் தொடங்கியது. மனுப்பிரிவு எழுத்தர் ஒருநாள் பட்டறைக்கே வந்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் செய்ய முடியலையேன்னு எனக்கு மனசு கேக்கல. ஒரு வேலை இருக்கு. அவைத்தலைவர் மேடைக்கு ரெண்டு படி இருக்குல்ல, போன கூட்டத்துல ஏறும்போது அவருக்குக் கால் தடுமாறிடுச்சு. அந்தப் படிக்குக் கைப்பிடி வைக்கணும், மேல பித்தளைப் பட்டை அடிச்சு. உங்க கை சுத்தம்னு நான்தான் சொன்னேன்."

"அதுக்கு அனுமதி?"

எழுத்தர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு நிமிஷத்துல ஏகமனசா நிறைவேறிடுச்சு. கட்டடத்துக்குள்ள நமக்கு முழு அதிகாரம் உண்டுங்க."

கூட்டம் காலையில் கூடுவதால் அதற்கு முன்பு வேலை முடிய வேண்டும். ஐந்து மணிக்கே வந்துவிடச் சொன்னார்கள். அன்றைக்குத் தூறல். வெல்டர் புறப்படும்போது மனைவியிடம் சொன்னார், "இன்னிக்கு ஒருநாள் லீவு போட்டுடேன்."

"பதினோரு எட்டுக்கு ஒரு நாள் லீவா? நீங்க கிளம்புங்க. பித்தளையை நல்லா பாலிஷ் பண்ணுங்க. பெரிய இடம், பேரு கெட்டுடக் கூடாது."

ஆறரை மணிக்கு வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. வெல்டர் முட்டி போட்டு உட்கார்ந்து பித்தளையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் உள்ளே வந்தார். வந்தவர் வாசலருகிலேயே நின்றார். வெல்டர் பட்டையில் தெரிந்த அவருடைய உருவத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நிமிஷம்ங்க," என்றார். எழுத்தர் அப்போதும் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம்தான் வெல்டர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

அவளை வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் எடுத்துக் கரையில் போட்டிருந்தார்கள். சலவைப் பிரிவுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். தாங்கள் துவைத்த விரிப்பு ஒன்றையே கொண்டுவந்து போர்த்தியிருந்தார்கள். வெல்டர் அதை விலக்கவில்லை. அவள் காலில் ஒரு செருப்பு இருந்தது, ஒன்று இல்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் வந்து கையைப் பிடித்துத் தூக்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

சட்டமன்றத்தைப் பற்றி ஒன்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரங்கல் என்று வந்துவிட்டால் அந்த அவைக்கு ஈடாக இன்னொரு அவை கிடையாது. நாலாம் நாள் வெல்டரையும் மகளையும் கார் அனுப்பி அழைத்துவந்து மாடத்தின் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அறுபது பேரில் ஐம்பத்தெட்டு பேர் வந்திருந்தார்கள். பூங்கா பெஞ்சு விவாதத்துக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை. தலையாட்டி பேசும்போது குரல் உடைந்தது. "அந்தத் தாய் ஆயிரமாயிரம் விரிப்புகளின் கறையைப் போக்கினாள். என் மனத்தின் கறையை யார் போக்குவார்?" என்றார். எதிர்வரிசைத் தலைவர், "அன்று இந்த அவையில் நான் பக்கவாட்டுத் துணைத்தண்டு என்று எச்சரித்தேன், கேட்டீர்களா?" என்றார். கடைசியாக அவைத்தலைவர் எழுந்தார். மேடையின் புதுக் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நமக்கு ஒரு கம்பி நட அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கண்ணீர் சிந்துகிற அதிகாரத்தை நம்மிடமிருந்து எந்தச் சக்தியாலும் பறிக்க முடியாது."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். மாடத்தில் மகள் வாய்விட்டு அழுதுவிட்டாள். காவலர் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பார்வையாளருங்க சத்தம் போடக் கூடாதும்மா. கீழ பேசறது பதிவாகுது."

ஒரு வாரத்தில் இரங்கல் தீர்மானத்தின் நகல் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக்கு வந்தது. மகள் அதைக் கூடத்தில் மாட்டினாள். ஓர் இழப்பு நேர்ந்துவிட்டதால் இனி மனுவை விவாதிக்கத் தடையில்லையே என்று வெல்டர் போய்க் கேட்டார். பழைய மனுவில் 'விழக்கூடும்' என்று இருப்பதால் அது தவறான தகவல் கொண்ட மனுவாகிவிட்டது, 'விழுந்தார்' என்று திருத்திப் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர் உட்கார்ந்து எழுதப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தை வரைக்கும் எழுதினார், அதற்குமேல் பேனா போகவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, தேசத்தின் பேராளரிடமிருந்து சட்டமன்றத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பிரதேசச் சட்டமன்றம் எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்வதற்காகத் தேசத்து அரசு நியமிக்கிற அதிகாரிதான் பேராளர். கடிதம் சுருக்கமாக இருந்தது. வாய்க்கால் நீர் தேசத்துக்குரியது. நீரில் நிகழும் மரணத்துக்கு வருந்தும் உரிமையும் தேசத்துக்கே உரியது. சட்டமன்றம் தன் வரம்பை மீறி வருந்தியிருக்கிறது. விளக்கம் தேவை.

அவை கொதித்தது. இரங்கலும் போனால் மிஞ்சுவது பெஞ்சுகள்தான். உடனே ஏழு பேர் கொண்ட இரங்கல் எல்லை ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார்கள். குழு வெல்டரை வரவழைத்தது. நீள மேசைக்கு ஒரு பக்கம் ஏழு பேர், மறுபக்கம் அவர். குழுத் தலைவர் வழக்கறிஞராக இருந்து வந்தவர், பரிவாகத்தான் பேசினார்.

"பதட்டப்படாதீங்க. உங்க இரங்கலைக் காப்பாத்தத்தான் கூப்பிட்டிருக்கோம். விஷயம் இதுதான். உங்க வீட்டம்மாவுக்கு பாலத்துல இருக்கும்போதே உயிர் போயிருந்தா இரங்கல் செல்லும். தண்ணியில போயிருந்தா செல்லாது."

"நடுவுல போயிருந்தா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"நடுவுல காத்து. அதுவும் அவங்களுது."

"பாலத்துலேர்ந்து தண்ணி எத்தனை அடி கீழ இருக்குங்க?" என்று இன்னொருவர் வெல்டரைப் பார்த்துக் கேட்டார்.

"பதிமூணு அடி இருக்கும்."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு ஜனங்க சொல்லிடலாம்," என்றார் தலைவர். "சட்டம் அப்படிச் சொல்ல முடியாதுங்க. சட்டத்துக்குச் சாணும் வேணும், முழமும் வேணும். அவங்க கொஞ்சம் பயந்த சுபாவமா? வழுக்கின உடனே, விழறதுக்கு முன்னாடியே, பயத்துல உயிர் போறவங்க உண்டு. அப்படின்னா நமக்கு நல்லது."

வெல்டர் யோசித்தார். தன்னிடம் கேட்கப்பட்டது கேள்வி, அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

"பயந்தவ இல்லங்க," என்றார்.

ஏழு பேர் முகமும் வாடியது. "நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க," என்றார் தலைவர். "அன்னிக்குக் காலையில நீங்க பார்த்தது என்ன? கடைசியில அவங்க எப்படி இருந்தாங்க?"

"நான் அங்க இல்லங்க. தினமும் நான்தான் கூடப் போவேன், வெளிப்பக்கம் நடப்பேன். அன்னிக்குப் போகல. இங்கதான் இருந்தேன். உங்க படிக்குக் கைப்பிடி வெச்சிக்கிட்டிருந்தேன்."

யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. சுருக்கெழுத்துக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலைவரைப் பார்த்தார்.

"அது குறிப்புல ஏற வேண்டாம்," என்றார் தலைவர். கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொருளுக்குச் சம்பந்தமில்ல."

டாக்டரின் அறிக்கை தெளிவாக இருந்தது. அவள் நுரையீரலில் தண்ணீர் இருந்தது. ஆகவே தண்ணீரில்தான் உயிர் போயிருக்கிறது, ஆகவே அது தேசத்தின் மரணம். மேசை தட்டிய அதே ஐம்பத்தெட்டு பேரும் குனிந்த தலையோடு இன்னொரு தீர்மானம் போட்டார்கள். தேசம் எப்போது வருந்தும் என்று தலையாட்டி கேட்டதற்கு, தேசம் இன்னும் முடிவு செய்யவில்லை என்று பேராளர் அலுவலகம் பதில் எழுதியது.

மனுப்பிரிவு எழுத்தர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெல்டர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பியூனை அனுப்பியிருக்கலாம். எனக்கு மனசு வரல. நானே வந்துட்டேன்."

கொண்டுவந்த கடிதத்தை வெல்டரிடம் கொடுத்தார். மேற்படி தேதியில் தெரிவிக்கப்பட்ட ஆழ்ந்த வருத்தம் திரும்பப் பெறப்படுகிறது, அதன் நகலை நல்ல நிலையில் ஒப்படைக்கவும் என்று இருந்தது. வெல்டர் படித்து முடித்து மகளிடம் நீட்டினார். அவளும் படித்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறிச் சட்டத்தைக் கழற்றினாள். கண்ணாடியைத் துணியால் துடைத்தாள், ஓரமெல்லாம் துடைத்தாள்.

"இதுல அம்மாவுக்கு நாப்பத்தஞ்சு வயசுன்னு போட்டிருக்காங்க சார். அம்மாவுக்கு நாப்பத்தொண்ணுதான். திருத்திக் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்," என்றாள். "இனிமே தேவையில்ல."

எழுத்தர் சட்டத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ரசீதில் கையெழுத்து வேண்டியிருந்தது. 'வருத்தம் முழுமையாக ஒப்படைக்கப்பட்டது, சேதம் ஏதுமில்லை' என்று அச்சடித்த வரிக்குக் கீழே வெல்டர் போட்டுக்கொடுத்தார். போகாமல் நின்ற எழுத்தர், ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, "நீ என்னம்மா பண்றே இப்ப?" என்று கேட்டார்.

"அம்மா வேலையை எனக்குத் தந்திருக்காங்க சார். சலவைப் பிரிவுல. திங்கக்கிழமை சேரணும், முதல் ஷிப்டு."

"போறது... அதே வழியா?"

"வேற வழி ஏது சார்?"

எழுத்தர் போன பிறகு வெல்டர் சுவரில் ஆணி மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டறைக்குப் போய் பைப்புகளைப் பொறுக்கி அளவு போட ஆரம்பித்தார்.

மறுநாள் மெஷினை வண்டியில் ஏற்றினார். வாட்ச்மேன் ஒன்றும் கேட்காமல் ப்ளக்கைச் செருகினார். எச்சரிக்கைப் பலகையைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். மகள் பைப்பைப் பிடித்தாள், அவர் அங்கங்கே புள்ளி வைத்து டேக் அடித்தார். பாலத்தில் போகிறவர்கள் பொறியைப் பார்த்து அவர்களாகவே ஒதுங்கி நடந்தார்கள்; சொல்வதற்கு ஆளில்லை. மூன்று மணிக்கு ஒன்பது எட்டு முடிந்திருந்தது. அப்போது ஓவர்சியர் வந்தார்.

இந்தத் தடவை ஆட்களும் இல்லை, கேஸ் கட்டரும் இல்லை. கக்கத்தில் ஒரு கோப்பு மட்டும். வெல்டர் முகத்து ஷீல்டைத் தூக்கிவிட்டு எழுந்து நின்றார். மகள் பைப்பை விடவில்லை.

"புகார் வந்திருக்கு," என்றார் ஓவர்சியர். "நேர்ல பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

அவர் முனையிலிருந்து மெல்ல நடந்து வந்தார், ஒவ்வொரு வெல்டாகக் குனிந்து பார்த்தார். ஓரிடத்தில் நின்று பைப்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. பிறகு கோப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். வைத்து எழுத இடம் தேடிச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கோப்பைப் புதுக் கைப்பிடியின் மேலேயே வைத்து, அதில் முழங்கையை ஊன்றி எழுதினார். எழுதியதை வெல்டர் படிக்கிற மாதிரி திருப்பிப் பிடித்தார்.

'ஆய்வின்போது மேற்படி இடத்தில் கைப்பிடி எதுவும் காணப்படவில்லை.'

வெல்டர் இரண்டு தடவை படித்தார். "நாளைக்கு வேற யாராவது வந்து பார்த்தா?"

"பாலத்தைப் பார்க்க யாரும் வர மாட்டாங்க. அறிக்கையைத்தான் பார்ப்பாங்க."

இதையே முதல் தடவை வந்தபோது எழுதியிருக்கலாமே என்று வெல்டர் கேட்கவில்லை. அவர் கேட்காததே ஓவர்சியருக்குக் கேட்டிருக்க வேண்டும். படிவத்தை மடித்தவர் கிளம்பாமல் நின்றார். கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார், பைப்பைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தார், அப்புறம் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப எனக்குத் தோணலைங்க," என்றார்.

வெல்டர் தலையை அசைத்தார். ஒரு புது வெல்டிங் ராடை எடுத்து மாட்டிக்கொண்டு, ஷீல்டை முகத்தில் இறக்கினார். இன்னும் இரண்டு எட்டு பாக்கி இருந்தது.